பபூன் மீனுக்குப் புள்ளி விழுந்தது

திங்கட்கிழமை, காலை 6.10.

பொங்கியண்ணன் வீட்டு முன்ஹாலில் கடல் செத்துக் கிடந்தது.

கடல் என்றால் நிஜக் கடல் தண்ணீர்தான். ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. மெட்ராஸ் ஆள் வந்து கட்டிக் கொடுத்தது. தண்ணீரும் பவளப்பாறையும் தூத்துக்குடியிலிருந்து லாரி ஏறி வந்தவை. 1994இல் திருப்பூர் பனியன் முதலாளிகளில் பங்களா இல்லாதவர் குறைவு. பங்களாவுக்குள் கடலையே வைத்திருந்தவர் பொங்கியண்ணன் ஒருவர்தான். அந்தப் பெருமை ஒரே ராத்திரியில் நாறிப்போயிருந்தது. தொட்டியின் நடுவில் விரல் விரலாக விரிந்து ஆடிக்கொண்டிருந்த கடல்சாமந்தி என்னும் பூப்போன்ற உயிர் கூழாகக் கரைந்திருந்தது. பவளம் வெளுத்திருந்தது. இறால்கள் மல்லாந்து கிடந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் மணலில் உதிர்ந்திருந்தன.

மீன்கள் மட்டும் உயிரோடிருந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். வீட்டில் எல்லோரும் பபூன் மீன் என்பார்கள். இரண்டும் ஒரு மூலையில் ஒதுங்கி வேகவேகமாக மூச்சு வாங்கின. அவற்றின் உடம்பில் பேனா மையைத் தெளித்தது மாதிரி கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

முதலில் பார்த்தவள் வீட்டு வேலைக்காரி மயிலாள். அவள் போட்ட கூச்சலில் வீடே எழுந்து வந்தது. பார்த்தவள்தான் செய்தவள் என்று முடிவு கட்ட அந்த வீட்டுக்கு இரண்டு நிமிஷம் போதுமானதாக இருந்தது. முதலாளியம்மா மாரக்காள் விட்ட அறையில் மயிலாளின் இடது கன்னத்தில் விரல்கள் பதிந்தன.

8.40.

மண்ணரைப் பகுதியில் இருந்த பொங்கியண்ணனின் சாயப்பட்டறை லேபில் போன் அடித்தது. எடுத்தவள் வேலுமணி. பன்னிரண்டு வருஷமாக அங்கே கெமிஸ்ட். சாயத்தொட்டியைவிட அவள் வாய் சூடு என்று பட்டறையில் பேச்சு. அவள் அதை மறுத்ததில்லை.

"அம்மணி, கார் வருது, ஏறி ஊட்டுக்கு வாங்க. தொட்டியில சாயத்தக் கலந்துட்டாங்க. சாயந்தான்னு லெட்டர்பேடுல ஒரு ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. எஸ்.ஐ. வந்து காத்துட்டிருக்கறாரு."

"பாத்துட்டு எழுதறனுங்க."

"பாக்கறதுக்கு என்னம்மணி இருக்குது?"

"அதையும் பாத்துட்டுத்தானுங்க சொல்லோணும்."

பைக்குள் வெள்ளைப் பனியன் துணித் துண்டுகள் நாலு, ஹைட்ரோஸ் டப்பா, அமோனியா பாட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஹைட்ரோஸ் எந்தச் சாயத்தையும் உரித்துவிடும் பொடி. பட்டறையில் கறை பட்ட கையை அதில்தான் கழுவுவார்கள்.

9.05.

ஹாலில் ஐந்து பேர். பெரிய சோபாவில் சப்-இன்ஸ்பெக்டர் பொன்னுச்சாமி காப்பியோடு. எதிரில் பொங்கியண்ணன், வெள்ளை வேட்டி, சிவந்த கண். பக்கத்தில் மாரக்காள். ஓரத்து நாற்காலியில் பேப்பர் விரித்திருந்தவர் மாரக்காளின் தம்பி குமாரசாமி. பல்லடத்தில் இருபதாயிரம் கோழி வைத்துப் பண்ணை நடத்துகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்கு ஒறம்பரையாக வந்து தங்கியிருந்தார். சமையலறை வாசலில் மயிலாள் நின்றிருந்தாள்.

அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் வேலுமணிக்குச் சுர்ரென்று ஏறியது.

"இது யாருங்க வேல?"

"அத விடுங்க," என்றார் பொங்கியண்ணன். "இவ புருசன் நல்லான் நம்ம பட்டறையிலதான இருக்கறான்? வெள்ளிக்கெழம போனஸ் கேட்டு என்ற முன்னால நின்னு குரல ஒசத்துனான். அன்னைக்கே மீன்தொட்டிக்கு ஊத்தற டிரம்முல தண்ணி ரொப்பி அனுப்புனதும் அவந்தான். இங்க தொட்டியில ஊத்துனது இவ. கறுப்புச் சாயம், மீனு மேலயே புள்ளி புள்ளியா நிக்குது. இன்னும் என்ன வேணும்? சாயங்காலம் நம்ம பனியன் வாங்கற ஜெர்மன் பையர் வர்றாரு. போன தடவ இந்தத் தொட்டி முன்னால ஒரு மணி நேரம் உக்காந்திருந்த மனுசன். அவருக்கு என்னத்தக் காட்டுவேன்?"

பொன்னுச்சாமி காப்பி டம்ளரை வைத்தார். "நல்லான் இப்ப ஸ்டேஷன்லதான் இருக்கான். உங்க ரிப்போர்ட் கைக்கு வந்தா இந்தம்மாவையும் கூட்டிட்டுப் போயிருவேன்."

ஆக, புருஷன் ஏற்கெனவே உள்ளே. பெண்டாட்டி உள்ளே போவதற்கு ஒரு கையெழுத்துதான் பாக்கி. அந்தக் கையெழுத்து தன் பேனாவில் இருப்பதை நினைக்கவே வேலுமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ கையப் பாருங்க, சாயம் இன்னும் போகல!" என்று மாரக்காள் பாய்ந்து மயிலாளின் வலது கையை இழுத்துக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே கடுகு கடுகாகக் கறுப்புப் புள்ளிகள்.

வேலுமணி ஒரு துணித் துண்டை நனைத்து ஹைட்ரோஸ் பொடியைத் தொட்டாள். முதலில் தன் கையிலேயே தேய்த்தாள். அவள் நகக்கண்ணில் பட்டறை நீலம் எப்போதும் இருக்கும். அது வெளுத்துப் போயிற்று. பிறகு மயிலாளின் கையில் பூப்போலத் தேய்த்துக் கழுவிவிட்டாள். புள்ளி போகவில்லை. துணியிலும் ஒன்றும் ஒட்டவில்லை.

"இது சாயமில்லீங்க."

"அப்ப மீனு மேல இருக்கறது?" என்றார் பொங்கியண்ணன்.

வேலுமணி தொட்டியின் பின்பக்கம் போனாள். தண்ணீரை வடிகட்ட அங்கே நாலு மடிப்பாகப் பனியன் துணி வைத்திருந்தார்கள், கம்பெனி வெட்டுத் துணிதான். வெளியே எடுத்தாள். பழுப்பு அழுக்கு இருந்தது. அலசினாள். பால் வெள்ளை.

"நம்ம துணி பஞ்சுங்க. தண்ணியில துளிச் சாயம் இருந்தாலும் மீனுக்கு முன்னால இதுதான் குடிச்சிருக்கும். மணல் வெள்ளையா இருக்குது, துணி வெள்ளையா இருக்குது. சாயம் மீனை மட்டும் தேடிப் போய் ஒட்டுமுங்களா?"

இதற்குள் மயிலாள் பின்கட்டுக்கு ஓடியிருந்தாள். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து ஹால் நடுவில் நின்றாள்.

"டிரம்முலருந்து இந்தத் தண்ணியத்தானுங்க ஊத்துனேன். வெசங்கறீங்களே, இங்க பாருங்க, நானே குடிக்கிறனுங்க. செத்தாச் செத்துட்டுப் போறேன்!"

டம்ளர் உதட்டைத் தொடும்போது வேலுமணி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே கொட்டினாள். அதில் விஷம் இருக்கிறதென்று நினைத்தல்ல. தெரியாத தண்ணீரை வாயில் வைக்காதே என்பது லேபில் முதல் நாள் படித்த பாடம், கை தானாகச் செய்தது. மாரக்காள், "நடிக்கறா," என்றாள். பொன்னுச்சாமி பாதி எழுந்து உட்கார்ந்தார். குமாரசாமி பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

டெலிபோன் மணி அடித்தது. குமாரசாமிக்குத்தான், பண்ணையிலிருந்து. அவர் ஹாலே அதிரும்படி பேசினார்:

"பத்துக் கோழி சொணங்குனா பத்தையும் புடிச்சுட்டா உக்காந்திருப்ப? மேல்தொட்டியில மருந்தப் போட்டுட்டுப் போடா. தண்ணி குடிக்கிற எல்லா உருப்படிக்கும் போய்ச் சேந்துரும். இருவது வருசமா சொல்லிட்டிருக்கறேன், இன்னும் தெரியலையா?"

9.50.

பின்கட்டு. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம், சாயப்பட்டறையில் கெமிக்கல் வருகிற அதே நீல டிரம். திருப்பூர் போர் தண்ணீர் மீனுக்கு ஆகாது என்று, பட்டறையில் உப்பு நீக்கிய தண்ணீரை அதில் ரொப்பி வாரம் ஒரு தடவை டெம்போவில் அனுப்புவார்கள். வேலுமணி எட்டிப் பார்த்தாள். பாதி டிரம் தண்ணீர். உள்ளேயும் நீலம், வெளியேயும் நீலம்.

"அக்கா, கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தெனமும் எவ்வளவு ஊத்துவீங்க?"

"ஒரு வாளிங்க. வத்துன அளவுக்குத்தான்."

"கடைசியா?"

"நேத்து ஞாயித்துக்கெழம காத்தால ஏழு மணிக்குங்க. இன்னைக்கு ஊத்தறதுக்கு முன்னாலயே பாத்துட்டனுங்களே."

"சனிக்கெழம?"

"இதே டிரம்முலதானுங்க ஊத்துனேன். அன்னைக்கு எதுக்கும் ஒண்ணும் ஆகலீங்க."

"மீனுக்குப் புள்ளி எப்ப வந்துச்சு?"

"ஆடி பதினெட்டு கழிச்சு மெட்ராஸ்காரரு புதுப் பூ கொண்டாந்து வெச்சாருங்க, இப்பச் செத்துப்போச்சே, அந்தப் பூ. நாலு நாளைக்கு மீனு ரெண்டும் கிட்டப் போகலீங்க. பொறவு பெருசு உள்ள போயிப் படுத்துச்சு. அப்பறந்தான் புள்ளி. எப்பப் பாத்தாலும் எடப்பக்கமாச் சாஞ்சு படுக்கும், புள்ளியும் எடப்பக்கந்தான் நெம்ப."

"உங்க கையில?"

"பாசி வழிக்கறப்ப அந்தப் பூவு ஒரசிருச்சுங்க. தடிச்சு, ஒரே அரிப்பு. ஆறுனதும் இப்படிக் கறுத்துப் போச்சு."

வேலுமணி டிரம்முக்குள் தொங்கிய வாளியைத் தூக்கினாள். பிளாஸ்டிக் வாளி, இரும்புக் கம்பியில் கைப்பிடி. கம்பியில் தண்ணீருக்குள் மூழ்கியிருந்த பாதி சிவந்திருந்தது.

"துருவுங்க," என்றாள் மயிலாள் கூச்சத்தோடு. "சனிக்கெழம சாயங்காலந்தான் சாம்பல் போட்டுத் தேச்சு வெச்சேன். நேத்துக் காத்தால பாத்தா இப்படி."

வேலுமணி கட்டைவிரலால் கம்பியை அழுத்தித் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது, கம்பி முன்னைவிடப் பளபளத்தது. பட்டறையில் துருப்பிடித்த கம்பி ஆயிரம் பார்த்தவள் அவள். துரு என்றால் கையில் அப்பும்.

அப்போதே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. விளங்க விளங்கக் கோபம்தான் ஏறியது. டிரம் தண்ணீரில் ஒரு செம்பு நிறைய மொண்டு எடுத்துக்கொண்டாள்.

10.20.

"ரிப்போர்ட் ரெடிங்களா?" என்றார் பொன்னுச்சாமி.

"ரெடிங்க. அதுக்கு முன்னால ஒரு வாய்த் தண்ணி." வேலுமணி எவர்சில்வர் டம்ளரில் செம்புத் தண்ணீரை ஊற்றிக் குமாரசாமியிடம் நீட்டினாள். "டிரம் தண்ணிதானுங்க. உப்பெடுத்த நல்ல தண்ணி. குடிங்க."

"எனக்குத் தாகமில்லீங்க அம்மணி."

"ஒரு வாய்."

"வேண்டாம்ங்கறனில்ல?"

"என்னம்மணி வெளையாட்டு இது?" மாரக்காளுக்குப் பொறுமை போய்விட்டது. "எங்கூட்டுத் தண்ணிய நாங்க குடிக்க மாட்டமா? இங்க கொண்டா!" வெடுக்கென்று டம்ளரைப் பிடுங்கினாள். வேலுமணியின் கை டம்ளரை விடாமல் கூடவே போனது. ஆனால் அவளுக்கு முன்னால் இன்னொரு கை பாய்ந்து வந்துவிட்டது.

"அக்கா! குடிச்சறாத!"

டம்ளர் தரையில் உருண்டது. குமாரசாமி எழுந்து நின்றிருந்தார். முகத்தில் வேர்வை.

"ஏனுங்க?" என்றாள் வேலுமணி மெதுவாக. "நல்ல தண்ணிதானுங்களே?"

செம்பில் மிச்சமிருந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் அதில் லேசாக ஒரு நீலம் தெரிந்தது. பையிலிருந்து அமோனியா பாட்டிலைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். தண்ணீர் கலங்கி, தெளிந்து, இங்க் மாதிரி அடர்ந்த நீலமாயிற்று.

"மயில்துத்தம்," என்றாள் வேலுமணி. "தண்ணியில செம்புச் சத்து இருந்தா அமோனியாவுக்கு இப்படித்தான் மாறும். நீல டிரம்முக்குள்ள நீலத் தண்ணி யாரு கண்ணுக்கும் தெரியல. ஆனா வாளிக் கம்பி காட்டிக் குடுத்துருச்சு. மயில்துத்தத் தண்ணியில இரும்பு கெடந்தா அது மேல செம்பு பூசிக்கும். மயிலக்கா அதத் துருன்னு நெனச்சிட்டாங்க. துருன்னா கையில ஒட்டுமுங்க, இது ஒட்டல."

"நல்லான் பட்டறையிலேயே கலந்திருக்கலாமில்ல?" என்றார் பொங்கியண்ணன். குரலில் பழைய வேகம் இல்லை.

"சனிக்கெழம காத்தால இதே டிரம் தண்ணிய ஊத்தி ஒண்ணும் ஆகல. சனிக்கெழம சாயங்காலம் தேச்சு வெச்ச கம்பி ஞாயித்துக்கெழம காத்தால செவந்திருக்குது. நடுவுல ஒரே ராத்திரி. அந்த ராத்திரிக்கு இந்த ஊட்டுக்குப் புதுசா வந்தவரு யாருங்க? மேல்தொட்டியில மருந்தப் போடு, எல்லா உருப்படிக்கும் போயிரும்னு போன்ல சொன்னவரு யாருங்க?"

குமாரசாமி உட்கார்ந்துவிட்டார்.

"அம்மைன்னு நெனச்சேன் மச்சான்," என்றார் தரையைப் பார்த்து. "கோழிக்கு அம்மை போட்டா கொண்டையில இப்படித்தான் கறுப்பா பொருக்குத் தட்டும். பையர் வர்றாருன்னு நீங்க பொலம்பிட்டு இருந்தீங்க. கார்ல மயில்துத்தம் இருந்துச்சு. எங்க பண்ணையில எந்தச் சீக்குக்கும் மொதல்ல அதான். ரெண்டு கைப்பிடி டிரம்முல போட்டேன். நல்லதுக்குத்தான் போட்டேன்."

"மயில்துத்தம் அளவா இருந்தா மீனு கொஞ்ச நாள் தாங்கும். எலும்பில்லாத உசுரு ஒண்ணும் தாங்காது," என்றாள் வேலுமணி. "பூவு, பவளம், இறால், நத்த எல்லாம் போயி மீனு மட்டும் நின்னுச்சே, அது அதனாலதான். மெட்ராஸ்காரருக்குப் போனப் போட்டு இன்னைக்கே மீன வேற கடல் தண்ணிக்கு மாத்துங்க, இல்லாட்டி அதுகளும் போயிரும்."

"அப்ப அந்தப் புள்ளி?" என்று கேட்டார் பொன்னுச்சாமி. நோட்டுப் புத்தகம் அவர் மடியில் விரிந்திருந்தது.

வேலுமணி மயிலாளின் கையைப் பிடித்துத் தொட்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். கையிலும் கடுகு கடுகாகக் கறுப்பு, மீனிலும் அதே கறுப்பு.

"சீக்கே இல்லீங்க. அந்தப் பூவு தொட்டாக் கொட்டும். கொட்டுன எடம் ஆறிக் கறுத்துப் போகும். இவங்களுக்கு ஒரு தடவ பட்டுச்சு, மீனு அதுலயே படுத்துக் கெடந்துச்சு. பழகுனா தானாப் போயிரும். சாயமுமில்ல, அம்மையுமில்ல. மருந்தே வேண்டாத புள்ளிக்கு மருந்து போட்டுத் தொட்டியையே கொன்னுட்டீங்க. தெனமும் அந்த மீனப் பாத்துட்டிருந்தது இந்த ஊட்டுலயே மயிலக்கா ஒருத்தர்தான். அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தாப் போதும்."

பொங்கியண்ணன் எஸ்.ஐ. பக்கம் திரும்பினார்.

"செரி, மாப்ள தெரியாமப் பண்ணிட்டான். எஸ்.ஐ. சார், நல்லான விட்டுருங்க. இத நாங்க ஊட்டுக்குள்ள பேசித் தீத்துக்கறோம். அம்மணி, ரிப்போர்ட் வேண்டாம்."

இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த கோபம் வேலுமணிக்கு அப்போதுதான் உடைத்துக்கொண்டு வந்தது.

"இவருக்குன்னா தெரியாமப் பண்ணுனது! காத்தால ஆறு மணிக்கு இவங்களுக்கு அந்த ஞாயம் இருந்துச்சுங்களா? அறையறதுக்கு முன்னால ஒருத்தராவது கேட்டீங்களா?" குமாரசாமியின் பக்கம் திரும்பினாள். "மருந்து போட்டது தெரியாத்தனம், அத நான் ஒத்துக்கறேன். காத்தால தொட்டியப் பாத்ததும் உங்களுக்கு வெளங்கிருச்சு. இவங்க புருசனைப் போலீசு கூட்டிட்டுப் போறப்பவும் வாயத் தொறக்கல. அதையும் விடுங்க. உங்கக்கா வாய்க்குக் கிட்ட அந்தத் தண்ணி போனதும் அலறிட்டு ஓடி வந்தீங்களே, ஒம்பது மணிக்கு இதே எடத்துல இவங்க வாய்க்குக் கிட்டப் போச்சு. அதே தண்ணி. அப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? பேப்பர்ல அடுத்த பக்கம் திருப்புனீங்க. எங்கண்ணால பாத்தனுங்க."

மாரக்காள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை முந்தானைக்குள் போய் மறைந்தது.

"மன்னிச்சிருங்க அம்மணி," என்றார் குமாரசாமி.

"எனக்கெதுக்குங்க? என்னையா சாகக் குடுத்தீங்க?"

"அம்மணி, அளவாப் பேசுங்க," என்றார் பொங்கியண்ணன். "நாளைக்கு லேபுக்கு வரோணுமா வேண்டாமான்னு யோசிச்சுக்கங்க."

"அத நீங்க யோசிங்க. என்ற டிகிரி என்ற கையில இருக்குது. திருப்பூர்ல டையிங்குக்கா பஞ்சம்?" வேலுமணி லெட்டர்பேடை எடுத்தாள். கார்பன் வைத்து நின்றபடியே எழுதினாள். சாயம் இல்லை, மயில்துத்தம் இருக்கிறது, டிரம்மில், வாளிக் கம்பியில், சனி இரவு. கையெழுத்துப் போட்டாள். மேல் தாளைப் பொன்னுச்சாமியிடம் கொடுத்தாள். கார்பன் தாளை மடித்து மயிலாள் கையில் வைத்தாள்.

பொன்னுச்சாமி அதைப் படித்துவிட்டுப் பொங்கியண்ணனைப் பார்த்தார். அவர் கண்ணாலேயே ஏதோ சொன்னார். எஸ்.ஐ. தயங்கினார். ஆனால் நோட்டுப் புத்தகத்தை மூடவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு முதல் தடவையாக மயிலாளைப் பார்த்துக் கேட்டார்:

"நீ சொல்லும்மா. கம்ப்ளெய்ன்ட் குடுக்கறயா? இல்ல சமாதானமாப் போயிரலாமா?"

மயிலாள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். முதலாளியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். குமாரசாமியின் காலடியில் பேப்பர் கிடந்தது. ஆறு மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்த மயிலாள், எஸ்.ஐ.க்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக்கங்க சார்," என்றாள். "நான் குடிக்கப் போனேன், அவரு பாத்துட்டு இருந்தாரு. அத மொதல்ல எழுதுங்க."